வீட்டுத் தையலும் 'வேலை' என்ற சொல்லும்: தென்மராட்சி பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதார வரலாறு பற்றி எழுதப்பெற்றவற்றைத் தொகுத்து நோக்குவோமாயின், புகையிலையும் பனையும் வெங்காயமும் சுருட்டுத் தொழிலும் அவற்றிலே பெரும்பங்கு இடத்தைப் பெற்றிருத்தலைக் காணலாம். சாயவேர், நெசவு ஆகியன பற்றி ஒல்லாந்தர் கால ஆவணங்களை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகளும் உள. ஆயின், நெய்த துணியை வெட்டி இணைத்து உடலுக்குரிய உடையாக்கிய தொழில் பற்றி மிகக் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் ஆவணங்களின் பற்றாக்குறை மட்டுமன்று. கடைத்தெருவிலிருந்து ஆண் தைத்தபோது அது தொழில் எனப்பட்டது. அதே காரியத்தை வீட்டு விறாந்தையிலிருந்து பெண் செய்தபோது அது பொழுதுபோக்கு எனப்பட்டது. பொழுதுபோக்குக்கு வரலாறு எழுதுவார் இலர்.

சாவகச்சேரியையும் அதனைச் சூழ்ந்த தென்மராட்சிக் கிராமங்களையும் மனத்திற்கொண்டு, இந்தப் பெயரீடு எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் யாருக்கு எது கிடைத்தது, யாருக்கு எது மறுக்கப்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தென்மராட்சிக்கே உரிய சான்றுகள் போதாத இடங்களிற் குடாநாட்டின் பிற பகுதிகளையும் தமிழகத்தின் தென்பகுதியையும் துணைக்கொள்ள வேண்டியுள்ளது.

தமிழிலே 'தையல்' என்ற சொல் பெண்ணையும் குறிக்கும், ஊசித்தொழிலையும் குறிக்கும். இவ்வொற்றுமையைக் கொண்டு, தைத்தல் தொன்றுதொட்டுப் பெண்ணின் இயல்பான தொழில் என மேடைகளிற் கூறுவோரைக் கேட்டிருக்கிறோம். சொல்லின் ஒலி ஒற்றுமையைச் சமூக வரலாற்றுக்குச் சான்றாக்குவது ஆபத்தானது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலே துணி தைப்போரும் தோல் தைப்போரும் புகார் நகரத்தின் ஏனைய கம்மியரோடு சேர்த்தெண்ணப்படுகின்றனர். அங்கு தையல் நகரத்துத் தொழிற்குழுவொன்றின் வேலையாக உள்ளதேயன்றி, வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்காக இல்லை. வீட்டுக்குள்ளே ஊசி நூலோடு அமர்ந்திருக்கும் நற்குடிப் பெண் என்ற படிமம் நமது நாட்டிலே மிகப் பிற்பட்டது.

அப்படிமம் பிற்பட்டதாக இருத்தற்கு வலுவான காரணம் ஒன்றுண்டு. பழைய யாழ்ப்பாணச் சமூகத்தின் உடை பெரும்பாலும் தையாத உடை. வேட்டி, சால்வை, சேலை ஆகிய மூன்றும் தறியிலிருந்து இறங்கியபடியே உடலிற் சுற்றப்பட்டன. சடங்குகளில் இன்றும் இந்நிலையின் எச்சங்களைக் காணலாம். கூறைச் சேலை தையாத துணியே. கோயிலுக்குட் செல்லும் ஆண் சட்டையைக் களைந்துவிட்டுச் செல்கின்றான். துணி தொடர்பாக வீட்டுக்கு இன்றியமையாதவராக இருந்தவர் தையற்காரரல்லர், வெளுப்பவரே. சடங்குகளுக்கு மாற்றுத் துணி கொண்டுவருவது அவருடைய குடிமைத் தொழிலின் ஒரு பகுதி. குடிமை முறையிலே தையற்காரருக்குத் தனியிடம் இல்லாதிருந்தமையை நோக்குமிடத்து, தையல் இச்சமூகத்தின் கட்டமைப்புக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்ற முடிவு வலுப்பெறுகின்றது.

வந்த வழியைச் சொற்கள் காட்டுகின்றன. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களுள் அலுமாரி, கதிரை, யன்னல், சப்பாத்து முதலியவற்றோடு பொத்தானும் றேந்தையும் அடங்கும். குடாநாட்டுப் பேச்சு வழக்கிலே பொத்தானுக்குத் 'தெறி' என்ற நல்ல தமிழ்ச்சொல் வழங்குவது உண்மையே. ஆயின் சட்டையின் விளிம்பில் வைத்துத் தைக்கும் பின்னற் பட்டிக்கு றேந்தை என்ற பெயரே நிலைத்தது.

தையல் வருவதற்கு முன்னர் தென்மராட்சிப் பெண்களின் கைகள் ஓய்ந்திருந்தன என்று எண்ணிவிடலாகாது. பனையோலையைச் சார்ந்து வளர்ந்த பன்னவேலை இப்பகுதியின் பெரும் கைவேலையாக இருந்தது. குருத்தோலையை வார்ந்து, சாயமிட்டு, பாயும் பெட்டியும் குட்டானும் நீற்றுப்பெட்டியும் இழைத்தவர்களும், கடகத்தை ஈர்க்காலும் நாராலும் பொத்தியவர்களும் பெண்களே. ஒருத்தி இழைத்த பெட்டி தன் வீட்டுக்கும் பயன்பட்டது. மகள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுசென்றது. மிஞ்சியது சந்தைக்கும் சென்றது. பயன்பாடு, பரிசு, விற்பனை என்ற மூன்றுக்குமிடையே பன்னவேலை கறாரான எல்லை எதனையும் வகுத்துக்கொள்ளவில்லை. அவ்வெல்லையை வகுத்தது பின்னர் வந்த ஊசிதான்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கிய பணி, 1830களிலே தென்மராட்சிக்கும் விரிந்து சாவகச்சேரியிலும் நிலைகொண்டது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலை இவ்வரலாற்றிலே மிக முக்கியமானதாகும். (அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவை 1862இல் வெளியான அகராதியின் மூலம் தமிழுலகம் நன்கறியும், மனைவியை அறிந்தோர் சிலரே.) வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம் ஆகியவற்றோடு தையலும் அங்கு கற்பிக்கப்பட்டது. 1840 முதல் 1879 வரை அப்பாடசாலையை நடத்திய இலைசா அக்னியூ அம்மையாரின் கீழ் ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட பெண்கள் கற்று வெளியேறினர். அவர்களுட் பலர் ஆசிரியரின், உபதேசியாரின், அரசாங்க உத்தியோகத்தரின் மனைவியராகக் குடாநாடெங்கும் பரவினர். அவர்களோடு ஊசியும் பரவியது.

தைக்கக் கற்ற சிறுமிக்குச் சட்டையொன்று பரிசாக அளித்தல் அக்கால மிஷன் பாடசாலைகளிற் கையாளப்பட்ட வழக்கம். இதிலே ஓர் உலகளாவிய தொடர்பு மறைந்துள்ளது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலே, ஊர் தோறும் தேவாலயத்தைச் சார்ந்த பெண்கள் தையற் சங்கங்களை அமைத்து, தாம் தைத்த துணிகளை விற்றுக் கிடைத்த பணத்தை வெளிநாட்டு மிஷன் பணிகளுக்கு அனுப்பினர். தமது பணத்தினாற் படிக்கும் யாழ்ப்பாணப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய அமெரிக்கப் பெயரை இடுவிக்கும் உரிமையும் கொடையாளருக்கு இருந்தது. ஒரு முனையிலே அமெரிக்கக் கிராமத்துப் பெண்ணின் ஊசி, மறு முனையிலே உடுவிற் சிறுமியின் ஊசி. இரு முனைகளிலும் உழைப்பு நடைபெற்றது. இரு முனைகளிலும் அதற்கு உழைப்பு என்ற பெயர் வழங்கப்படவில்லை. அங்கு அது தருமம். இங்கு அது நல்லொழுக்கம்.

1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு உதவி நன்கொடை முறை விரிவடைந்தபின், பெண்பிள்ளைகளுக்கான பாடசாலைகளில் ஊசிவேலை பாடத்திட்டத்தின் நிலையான உறுப்பாயிற்று. சைவ மறுமலர்ச்சியின் பின் எழுந்த பெண்கள் பாடசாலைகளும் இதனை ஏற்றுக்கொண்டன. 1913இல் மருதனார்மடத்திலே பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய கல்லூரி, மதம் மாற்றும் பாடசாலைகளுக்கு மாற்றாக எழுந்தது என்பது யாவரும் அறிந்தது. வேதாகமத்தினிடத்தில் தேவாரம் வந்தது. ஆனால் தையலின் இடத்திற்கு வேறெதுவும் வரவில்லை. மதத்தால் வேறுபட்ட இரு சாராரும், நற்குடிப் பெண் எவள் என்பது பற்றி வேறுபடவில்லை. இன்றைய பாடசாலைகளின் மனைப்பொருளியற் பாடம் அவ்வுடன்பாட்டின் வாரிசாகும்.

ஈண்டு நாம் நின்று நோக்கவேண்டிய வினா ஒன்றுண்டு. தையல் யாருக்குக் கற்பிக்கப்பட்டது என்பதோடு, தைத்த சட்டையை யார் அணியலாம் என்பதும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அடிமை முறை 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழித்ததை வழக்கம் காப்பாற்றி வைத்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மேற்சட்டை அணிதல், முழங்காலுக்குக் கீழே உடுத்தல், பொன் நகை பூணுதல், அவர்தம் ஆண்கள் சால்வையைத் தோளில் இடுதல் ஆகியன இருபதாம் நூற்றாண்டிலும் பல கிராமங்களில் மறுக்கப்பட்டன, மீறியோர் தாக்கப்பட்டனர். கே. டானியலின் நாவல்களைப் படித்தோர்க்கு இச்சூழல் புதிதன்று.

திருவிதாங்கூர் வரலாறு இதற்கு ஒளி தருகின்றது. தென் திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820களிலிருந்து 1859 வரை நடத்திய போராட்டம் தோட்சீலைக் கலகம் எனப் பெயர்பெற்றது. அதில் நமது பொருளுக்கு மிக நெருக்கமான நுட்பம் ஒன்றுளது. பெண்கள் கேட்டது உயர்சாதிப் பெண்கள் தோளின்மேல் இடும் தையாத சீலையை. அவர்களுக்கு அதிகாரம் முதலில் அனுமதித்தது தைத்த சட்டையை, அதாவது குப்பாயத்தை. தைத்த உடை மானத்தை மறைத்தது. தையாத சீலையே மதிப்பைக் குறித்தது. மறைப்பதற்கு இசைந்த ஆட்சியாளர் மதிப்பை விட்டுக்கொடுக்க இசையவில்லை. 1859ஆம் ஆண்டுப் பிரகடனமும் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போன்று உடுத்தலாகாது என்றே கூறியது.

அதே நாட்டில், நாகர்கோவிலில், இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ற் அம்மையார் 1820ஐ அண்டிய ஆண்டுகளிலே பின்னற் பட்டி வேலையைக் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய மகளும் றொபேட் கால்டுவெலின் மனைவியுமான இலைசா அம்மையார் அதனை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். அங்கு செய்யப்பட்டவை வெளிநாடுகளில் விற்கப்பட்டன. அடிமைநிலையிலிருந்த பெண்கள் சிலர் அவ்வருவாயைக் கொண்டு தமது விடுதலையைப் பெற்றனர் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. மிஷனரிமாரின் புகழுரையைக் கழித்துப் பார்த்தாலும் ஓர் உண்மை எஞ்சும்: நாகர்கோவிலில் ஊசிவேலைக்கு விலை இருந்தது. உடுவில் மரபிலே அதற்கு விலை இருக்கவில்லை, அந்தஸ்து இருந்தது. இதற்குக் காரணம் மிஷன்களின் கொள்கை வேறுபாட்டை விட, மாணவியரின் சமூகத் தோற்றத்தில் உள்ளது என்பது என் கருத்து. நாகர்கோவிலில் வந்தவர்கள் பெரிதும் உழைக்கும் சாதியினர். உடுவிலின் பிற்கால மாணவியர், கற்ற ஆண்களுக்கு ஏற்ற மனைவியராக வளர்க்கப்பட்டோர்.

தென்மராட்சியின் ஒடுக்கப்பட்ட குடியிருப்பொன்றிலே, அரைகுறை வெளிச்சத்திலே, ஒரு பெண் தனக்கெனச் சட்டையொன்றைக் கையாலே தைத்தாள் என வைத்துக்கொள்வோம். அவளைப் பொறுத்தவரை அது ஓய்வுநேரக் கலையாக இருந்திருக்க முடியாது. அதை அணிந்துகொண்டு சந்தைக்குச் செல்வது அடிவாங்கத் துணிந்த செயல். 1929-30 ஆண்டுகளிற் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கும்படி பிறப்பிக்கப்பட்ட பணிப்பும், அதனையடுத்துப் பாடசாலைகள் எரிக்கப்பட்டமையும், 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1966இல் வீறுகொண்ட தீண்டாமை ஒழிப்புப் போராட்டமும் கோயில், தேநீர்க்கடை, பாடசாலை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளன. உடையின் வரலாறாகவும் அவற்றை எழுதலாம். அவ்வாறு எழுதும்போது, பொழுதுபோக்கு என்ற சொல்லை எந்த வீட்டு ஊசிக்கு வழங்குவது என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகும்.

இயந்திரம் வந்த கதை வேறு வகையானது. சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கையில் வியாபாரத்தைத் தொடங்கியது. நிரா விக்கிரமசிங்க 2014இல் வெளியிட்ட, குடியேற்ற ஆட்சிக்கால இலங்கையின் அன்றாட இயந்திரங்கள் பற்றிய நூலிலே, தையல் இயந்திரம் இந்நாட்டு மக்கள் நவீனத்துவத்தைத் தொட்டுணர்ந்த முதற் பொருள்களுள் ஒன்று என்பதை விரிவாகக் காட்டியுள்ளார். நீராவி இயந்திரம் துறைக்கும், அச்சியந்திரம் மிஷனுக்கும் உரியனவாக இருந்தபோது, தையல் இயந்திரம் வீட்டுக்குள் வந்தது. வந்ததற்குக் காரணம் அதன் பொறிநுட்பம் மட்டுமன்று. தவணை முறைப் பணம். அமெரிக்காவில் 1850களிற் சிங்கர் தொடக்கிய இம்முறை, முழு விலையை ஒருங்கே கொடுக்கவியலாத குடும்பங்களையும் வாடிக்கையாளராக்கியது. மாதந்தோறும் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் குடும்பங்கள் நிறைந்த யாழ்ப்பாணத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடாக அமைந்தது.

சாவகச்சேரிக்கு இக்காலத்தில் ஒரு தனி வாய்ப்பும் ஏற்பட்டது. வடபகுதிப் புகையிரதப் பாதையின் முதற் கட்டம் 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே திறக்கப்பட்டது. தெற்குடன் தொடர்ச்சியான பாதை 1905இல் நிறைவுபெறுவதற்கு முன்னரே, துறைமுகத்திலிருந்து வந்த இருப்புப்பாதை சாவகச்சேரியை அடைந்திருந்தது. முன்னரே பெயர்பெற்ற சந்தை இதனால் மேலும் வளர்ந்தது. துணியும் நூற்கட்டையும் எண்ணெயும் தொலைவிலிருந்து வருவது எளிதாயிற்று. தெற்கிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்த ஆண்கள் அனுப்பும் பணமும் வந்தது. காற்சட்டையும் கோட்டும் அணியும் கணவனின் சம்பளத்தில், மனைவியின் தையல் இயந்திரம் விறாந்தையின் வெளிச்சமான மூலைக்கு வந்து சேர்ந்தது.

இடையிலே ஒரு குறிப்பு. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது, வாலிபர் காங்கிரசார் அவரைக் கதரோடு வரவேற்றனர். துணியை அரசியலாக்கிய அவ்வியக்கம், நூற்றவர் யார், நெய்தவர் யார் என்று கேட்டது. தைத்தவர் யார் என்று கேட்கவில்லை. முற்போக்கு இயக்கங்களின் கண்ணிலும் ஊசி படாமற் போனதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பாடசாலையை விட்ட பின்னரும் திருமணத்துக்கு முன்னரும் உள்ள ஆண்டுகள் யாழ்ப்பாணத்து மத்தியதரப் பெண்ணின் வாழ்க்கையில் விசித்திரமான காலம். வெளியே வேலைக்குச் செல்வது பல குடும்பங்களில் ஏற்புடையதாக இருக்கவில்லை. சும்மா இருப்பதும் நன்றாக இல்லை. தலையணை உறையின் மூலையிற் பூவேலை, மேசை விரிப்பின் ஓரத்தில் பின்னல், கைக்குட்டையிற் பெயரின் முதலெழுத்து, கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய சங்கிலித் தையல் மயில் ஆகியன அவ்வாண்டுகளின் விளைபொருள்கள். பெண்பார்க்க வந்தோர் கண்ணில் அவை படும்படி வைக்கப்பட்டன. சீதனப் பட்டியலில் எழுதப்படாத சீதனம் என்று அவற்றைக் கூறலாம். 'பிள்ளைக்குத் தையலும் தெரியும்' என்ற வாக்கியத்தின் பொருள், தைத்துச் சம்பாதிப்பாள் என்பதன்று. தைத்துச் சம்பாதிக்கவேண்டிய நிலையில் அவள் இல்லை என்பதே.

றொஸிக்கா பாக்கர் 1984இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவிலே பூவேலை எவ்வாறு பெண்மையின் இலக்கணமாக்கப்பட்டது என்பதை விளக்கினார். நமது சூழலுக்கு அதனிலும் நெருக்கமானது மரியா மீஸ் என்ற ஜேர்மன் அறிஞர் ஆந்திராவின் நர்சாப்பூரில் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வாகும். அங்கும் பின்னல் வேலை மிஷனரிமார் வழியே வந்தது. நாள்தோறும் பல மணிநேரம் பின்னிய பெண்களின் பொருள்கள் உலகச் சந்தைக்குச் சென்றன, வணிகர் செல்வராயினர். ஆனால் அப்பெண்கள் வீட்டில் இருப்போர் என்றும், பின்னுவது ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தல் என்றும் எல்லோரும் கருதினர். அப்பெண்களும் அவ்வாறே கருதினர். வயலிற் கூலிவேலை செய்த தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களின் வருவாய் இவர்களுடையதைவிட அதிகமாக இருந்தும், வெளியே செல்லாமை என்ற அந்தஸ்து அக்குறைவை மறைத்தது.

தென்மராட்சியிலே ஏற்றுமதி வணிகர் இருக்கவில்லை என்பது பெரிய வேறுபாடு. நர்சாப்பூரின் முடிவுகளை அப்படியே இங்கு கொண்டுவந்து பொருத்துதல் தவறாகும். இங்கு தைத்தது பெரிதும் வீட்டுக்கும் உறவுக்கும். பிறந்த குழந்தைக்கு, பலமுறை வெளுத்து மென்மையான பழைய வேட்டித் துணியிலே சட்டை தைத்தல். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்போது றேந்தை வைத்த சிறு சட்டையைப் பேத்தியாரோ மாமியாரோ கொண்டுவருதல். மாற்றலாகிச் செல்லும் ஆசிரியைக்கு மாணவியர் சேர்ந்து பூவேலை செய்த விரிப்பு அளித்தல். சடங்கின் முறைமைப் பரிசு தையாத துணி. அன்பின் பரிசு தைத்த துணி. மார்சல் மோஸ் 1925இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கொடுப்பதும் பெறுவதும் திரும்பக் கொடுப்பதும் ஒரு கடப்பாட்டுச் சங்கிலி என்று காட்டியது. அச்சங்கிலியிலே தைத்த பரிசு தனி வலுவுடையது. கடையில் வாங்கியதற்கு விலை தெரியும், இதற்குத் தெரியாது.

இவ்வுழைப்பு முழுவதையும் சுரண்டல் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவாரோடு நான் உடன்படவில்லை. தான் விரும்பிய நிறத்தைத் தானே தெரிந்து, தன் கைத்திறனுக்குத் தானே நடுவராக இருந்து செய்த வேலை அப்பெண்களின் வாழ்க்கையில் வேறதிகம் இருக்கவில்லை. ஆனால் அம்மகிழ்ச்சியே விலைகேட்கும் வாயை அடைத்தது என்பதையும் மறுக்கமுடியாது. அயல்வீட்டார் துணியைக் கொண்டுவந்து, 'சும்மா இருக்கிற நேரத்தில தைச்சுத் தாங்கோ' என்பர். தீபாவளி நெருங்கும்போது இரவிரவாகத் தைத்தவள், கூலி கேட்பது உறவைக் கெடுக்கும் என்று அஞ்சிக் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். கணவனை இழந்து இயந்திரத்தை நம்பி வாழ்ந்தவள் சற்றுக் கூடுதலாகக் கேட்டால், 'பொழுதுபோக்குக்குத் தைக்கிறவை இவ்வளவு கேக்கிறேல்லையே' என்ற பதில் தயாராக இருந்தது. வசதியுள்ளவளின் பொழுதுபோக்கு வசதியற்றவளின் கூலியைக் குறைத்தது. இதிலே எவரும் தனியே குற்றவாளியல்லர். பெயரீடு செய்த வேலை அது.

டாக்டர் மேரி இரத்தினம் 1930ஐ ஒட்டி நிறுவிய லங்கா மகிள சமிதியும், பின்னர் கிராமந்தோறும் எழுந்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் தையல் வகுப்புகளை நடத்தின. உடுவில் மரபுக்குள் வராத குடும்பங்களின் பெண்களுக்கும் இவற்றால் ஓரளவு வழி திறந்தது. சிங்கர் நிறுவனம் நடத்திய தையற் பாடசாலைகளின் சான்றிதழ்களும் பல வீடுகளிற் பேணப்பட்டன. 1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு குடாநாட்டு மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்குப் பொற்காலமாயிற்று. துணி அருமையானபோது பழையதைப் பிரித்து மறுபடி தைக்கும் திறனுக்கும் மதிப்பு ஏற்பட்டது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் ஆயத்த உடைகளைக் கொணர்ந்து அம்மதிப்பைப் பறித்தது. 1978இல் கட்டுநாயக்கவில் அமைந்த சுதந்திர வர்த்தக வலயத்திலே கிராமத்துச் சிங்களப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் இயந்திரங்களின் முன் அமர்த்தப்பட்டனர். பெண் இயல்பாகவே தைப்பாள், ஆகவே அது பயிற்சி பெற்ற தொழிலாளியின் திறனன்று என்ற வாதம் அங்கும் கூலியைத் தீர்மானித்தது. வீட்டு விறாந்தையின் பெயரீடு தொழிற்சாலை வாயிலுக்கும் சென்றது.

போர்க்காலம் இப்பெயரீட்டின் பொய்மையை வெளிப்படுத்தியது. 1990இன் பின் பல ஆண்டுகள் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை நிலவியது. காலால் மிதிக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் தேவையில்லை. பழைய சேலை பாவாடையாயிற்று. பாவாடை குழந்தைச் சட்டையாயிற்று. மிஞ்சிய துண்டு தலையணைக்குட் சென்றது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தபோது, சாவகச்சேரியின் பாடசாலைகளும் கோயில்களும் வீடுகளும் அவர்களால் நிறைந்தன. உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு மாற்றுடை தேவைப்பட்ட அந்நாள்களில், தைக்கத் தெரிந்தவளின் கைவேலையைப் பொழுதுபோக்கென எவரும் கூறியிருக்க மாட்டார்.

பின்னர் 2000ஆம் ஆண்டின் போரிலே சாவகச்சேரி நகரமே சிதைந்தது. மக்கள் இடம்பெயர்ந்தனர்; 2002இன் போர்நிறுத்தத்தின் பின்னரே பெரும்பாலோர் திரும்ப முடிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நாம் வரலாற்றிழப்பு என்று சரியாகவே கூறுகின்றோம். ஆனால் கூரையிழந்த வீடுகளில் அழிந்த விரிப்புகளும் உறைகளும் சட்டமிட்ட மயில்களும் எந்த இழப்புப் பட்டியலிலும் வரலாற்று ஆவணமாக எழுதப்படவில்லை. நூறாண்டுப் பெண்கள் கல்வியின் கைப்பட்ட சான்று அவை. வடிவங்களை ஒப்புநோக்கி, எது பாடசாலையிலிருந்து வந்தது, எது பன்னவேலையின் பின்னற் கோலத்திலிருந்து துணிக்கு ஏறியது என்று ஆராயும் வாய்ப்பைத் தென்மராட்சியில் நாம் பெருமளவு இழந்துவிட்டோம்.

2009இன் பின்னர் வடக்கிலே பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்ற பெயரில் அரச, அரசசார்பற்ற நிறுவனங்கள் வழங்கியவற்றுள் கோழிக்குஞ்சும் தையல் இயந்திரமும் முதன்மையானவை. பெண் என்றால் தையல் என்ற பழைய சமன்பாடு, நன்கொடையாளர் அறிக்கைகளிலே புதிய உருப்பெற்றது. ஒரே ஒழுங்கையிற் பல வீடுகளுக்கு இயந்திரம் கொடுத்தால், தைக்கக் கொடுப்போர் யார் என்ற எளிய கேள்வி கேட்கப்படவில்லை. கிளிநொச்சியில் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகள் சிலரை எடுத்துக்கொண்டன. வேறு சிலர் நுண்கடன் பெற்றனர். வாரந்தோறும் வந்து கதவைத் தட்டும் கடன் அறவிடுவோரை, சிங்கர் நிறுவனத்தின் பழைய தவணைக் காசு சேகரிப்போரின் வழித்தோன்றல் என்று கூறுவது முற்றிலும் பொருந்தாது. அன்று தவணை சம்பளத்திலிருந்து கட்டப்பட்டது, இன்று சம்பளமற்றவளின் ஊசியிலிருந்து கட்டப்படவேண்டியிருந்தது. 2018இல் அரசாங்கம் நுண்கடன் பெற்ற பெண்களுக்கு நிவாரணம் அறிவிக்கவேண்டிய அளவுக்கு இப்பிரச்சினை முற்றியது.

2020இன் பெருந்தொற்றிலே முகக்கவசம் தைத்ததும், 2022இன் நெருக்கடியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது மின்மோட்டரைக் கழற்றிவிட்டு மிதித்துத் தைத்ததும் அண்மைக்கால நிகழ்வுகள். ஆயினும் குடிசன மதிப்பீட்டாளர் வந்து தொழில் என்ன என்று வினவும்போது, பல வீடுகளிலிருந்து வரும் விடை 'வீட்டில இருக்கிறா' என்பதே. அவ்விடை படிவத்திலே பொருளாதார முயற்சியற்றோர் என்ற நிரலிற் சென்று சேர்கின்றது. ஓய்வூதியம், காப்புறுதி, கடன் ஆகியன பற்றிய கொள்கைகள் அந்நிரலைப் பார்த்தே வகுக்கப்படுகின்றன.

இவ்வரலாற்றை மேலும் எழுத விரும்புவோர் அச்சிட்ட அறிக்கைகளோடு நின்றுவிடாது, அளவுக் கொப்பிகளைத் தேடவேண்டும். அயலாருக்குத் தைத்த பெண் எவளும் பாடசாலைக் கொப்பியொன்றிலே வாடிக்கையாளரின் பெயர், தோள், மார்பு, இடை, கைநீளம் ஆகியவற்றைக் குறித்துவைத்திருப்பாள். ஓரத்திலே துணி வந்த நாளும், கொடுத்த நாளும், சில பக்கங்களில் வரவேண்டிய காசும் இருக்கும். ஒரே பெயருக்கு ஆண்டுதோறும் மாறும் அளவுகள் ஒரு பிள்ளை வளர்ந்த கதையைக் கூறும். எந்தச் சாதியார் வீட்டு அளவு எந்த ஆண்டிலிருந்து அக்கொப்பியில் இடம்பெறத் தொடங்கியது என்பது நாம் இதுவரை எந்தச் சட்ட நூலிலும் படித்திராத கதையைக் கூறும். 2000இன் அழிவுக்குத் தப்பிய கொப்பிகள் தென்மராட்சியில் இன்னும் சில இருக்கக்கூடும். வெளிநாடு சென்ற பிள்ளைகளின் பெட்டிகளுக்குள்ளும் சில சென்றிருக்கக்கூடும். அவற்றை வைத்திருக்கும் முதியோரிடம், 'எத்தனை சட்டை தைத்தீர்கள்' என்று கேட்பதற்கு முன், 'எதற்குக் காசு வாங்கினீர்கள், எதற்கு வாங்கவில்லை' என்று கேட்பது பயன்தரும்.